சகாயம் தரையைத் தட்டியபோது

வறண்ட கிணற்றின் அடியில் ஒரு நெடி உண்டு. காய்ந்த பாசியும் புறா எச்சமும் வெயிலில் சூடேறிய பாறையும் கலந்த அந்த நெடி சட்டையில் ஏறிவிட்டால், இரண்டு முறை துவைத்தாலும் போகாது. மழை பொய்த்துப்போன அந்த ஆண்டுகளில் மாரண்டஹள்ளியைச் சுற்றிப் பல கிணறுகள் அப்படித்தான் கிடந்தன. பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் அந்த நெடியோடுதான் கழித்தோம்.

காரணம் ஒரு படம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சிடி கடையிலிருந்து எடுத்துவந்து, சகாயத்தின் வீட்டில் ஒரே வாரத்தில் ஏழெட்டு முறை பார்த்தோம். தமிழில் பேசவைத்த வெளிநாட்டுச் சண்டைப் படம். ஏதோ ஒரு துறைமுக நகரத்தில், போலீசுக்குத் தெரியாமல் நிலவறைக்குள் ஆட்களை மோதவிடுகிறார்கள். அங்கே வந்து மாட்டிக்கொள்ளும் கதாநாயகன், எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டிவிட்டால் அதற்குமேல் அவன்மீது கை வைப்பதில்லை. "முடிச்சுடு" என்று முதலாளி கத்துகிற கடைசிச் சண்டையிலும் பிடியை விட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். அந்த இடம் வரும்போதெல்லாம் சகாயம் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி மறுபடி போடுவான்.

சகாயமும் நானும் ஒரே பெஞ்சு. அவன் அப்பா கொத்து வேலைக்குப் போகிறவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். போலீசில் சேர்வது என்று அவன் ஆறாம் வகுப்பிலேயே முடிவு செய்திருந்தான்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த முனிராஜ் அண்ணன் வீட்டுத் தோட்டத்துக் கிணறுதான் எங்கள் களம். "கெணத்துச் சண்டை" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டோம். தரையைத் தட்டினால் விட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் விதி. முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு முனிராஜ் அண்ணனின் சிநேகிதர்கள் பாலக்கோட்டிலிருந்து பைக்கில் வந்து, கிணற்று மேட்டில் உட்கார்ந்து செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். சீக்கிரம் தட்டுகிறவனைக் கேலி செய்தார்கள். அவர்களுடைய விசிலுக்காகவே நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக முரடர்களாக மாறியது எங்களுக்கே தெரியவில்லை.

ஒரு மதியம் என்னையும் சகாயத்தையும் இறக்கிவிட்டார்கள். வழக்கமாக ஜெயிப்பவன் அவன்தான். அன்று வண்டலில் அவன் கால் புதைந்து குப்புற விழுந்ததும், அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்து முறுக்கி, முதுகில் என் முழங்காலை ஊன்றிவிட்டேன். அவன் வலது கையால் தரையைத் தட்டினான். மறுபடியும் தட்டினான். "வுடாதடா, இன்னும் கொஞ்சம்" என்று மேலேயிருந்து முனிராஜ் அண்ணனின் குரல் வந்தது. இரண்டும் எனக்குக் கேட்டன. நான் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். முழங்கையில் ஏதோ விலகியதை என் உள்ளங்கை உணர்ந்தது. அவன் கத்தக்கூட இல்லை, வாயெல்லாம் மண்.

"படியில வழுக்கி வுழுந்துட்டான்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்கடா" என்றார் முனிராஜ் அண்ணன். சகாயமும் அப்படியேதான் சொன்னான். கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்ததும், கிணற்றில் இறங்கியதற்காக அவன் அப்பா அவனை அறைந்தார். நான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "அவனே வாயத் தொறக்கல, நீ எதுக்குப் போயி ஒளர்ற? கம்முன்னு இரு" என்றாள். நான்காம் நாள் அவளுக்குத் தெரியாமல் சகாயத்தின் வீட்டுக்குப் போய், அவன் அம்மா முன்னாலேயே நடந்ததைச் சொல்லிவிட்டேன். கட்டிலில் படுத்திருந்த சகாயம் கேட்டான்: "நான் தட்டுனது உனக்குக் கேக்கல, இல்ல?"

"கேட்டுச்சு" என்றேன்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் அம்மா தெருவரைக்கும் என்னோடு வந்தார். "கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கண்ணு. நாலு நாளா அத நம்பித்தான் படுத்திருந்தான்."

உண்மையைச் சொன்னதால் நான் நல்லவனாகிவிட்டேனா, இல்லை, என் நெஞ்சில் கனத்ததைக் கையொடிந்து கிடந்தவன்மேல் இறக்கிவைத்துவிட்டு வந்தேனா என்று இருபது வயதில் யோசித்தேன், முப்பதிலும் யோசித்தேன். அன்று சாயங்காலமே அவன் அப்பா முனிராஜ் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட, கிணற்றுப் படியில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். சகாயத்தின் கை கடைசிவரை முழுதாக நீளவில்லை. போலீஸ் தேர்வுக்கு அவன் போகவே இல்லை. பள்ளி திறந்தபோது வேறு பெஞ்சில் உட்கார்ந்தான்.

இப்போது அந்தக் கிணற்றைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். முனிராஜ் அண்ணன் குடும்பம் தோட்டத்தை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டது. சிடி கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. போன மாதம் ஓசூரிலிருந்து வரும் பஸ்ஸில் சகாயத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு கம்பெனியில் வேலையாம். பக்கத்தில் பத்து வயது மகள். என்னைப் பார்த்ததும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் கொடுத்தான். மழையைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசினோம். "வாங்க, போங்க" என்றுதான் பேசினான். ராயக்கோட்டை தாண்டும்போது அந்தப் பெண், "யாருப்பா இவரு?" என்று கேட்டாள்.

சகாயம் கொஞ்சம் யோசித்தான். "நம்ம ஊருக்காரரும்மா" என்றான்.