முத்துக் கம்மலும் படிகாரமும்

வளனின் மகள் ஜெயசெல்வி பி.எஸ்ஸி. தேறிவிட்டாள் என்பது 1974-ஆம் வருடம் தூத்துக்குடியில் அவர்கள் தெருவுக்கு மூன்று நாள் பேச்சு. அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. வளன் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். மகள் என்ன படித்தாள் என்று கேட்டவர்களிடம், "தண்ணியில எதைப் போட்டா என்ன ஆகும்னு படிச்சிருக்கா" என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அதைவிடச் சரியாகச் சொல்ல ஜெயசெல்விக்கும் வரவில்லை.

அவளுக்கு உள்ளே ஓர் உறுத்தல் இருந்தது. வலிமிகு அமிலமும் வலிகுறை காரமும் கூடி உண்டான உப்பு, நீரை அமிலமாக்கும். மாறி இருந்தால் காரமாக்கும். இரண்டும் வலியவை என்றால் நீர் நடுநிலையாகவே இருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். தேர்வுத்தாளிலும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினாள். ஆனால் தனக்குத் தெரிந்ததை எழுதினாளா, அல்லது நோட்டில் இருந்ததை எழுதினாளா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

மதுரையில் பட்டமளிப்பு விழாவுக்குப் போக இரண்டு நாள் இருந்தபோது, அம்மா தன் காதில் கிடந்த முத்துக் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். அறுபத்தொன்றாம் வருட முத்துக்குளிப்பில் வளனின் பங்குக்கு வந்த சிப்பிகளில் கிடைத்த முத்துகள் அவை. ஜோடி சேர்ந்தவை இரண்டே இரண்டு. பதின்மூன்று வருட வேர்வையிலும் தேங்காய் எண்ணெயிலும் மங்கிப் பழுப்பேறியிருந்தன. மெருகு போட்டுவர அப்பாவும் மகளும் மாடக்கண்ணு ஆசாரியின் நகைப் பட்டறைக்குப் போனார்கள்.

ஆசாரி கம்மலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "தங்கத்தை மட்டும்னா புளியில போட்டுக் கொதிக்க வச்சிருவேன். முத்துக்குப் புளி ஆகாது, அரிச்சிரும். முத்தைத் தனியாக் கழட்டினா அதைக் கோத்திருக்கிற குச்சி ஒடிஞ்சிரும். அதனால புளியே இல்லாம படிகாரத் தண்ணியில போடுதேன். பளிச்சுன்னு ஆயிரும்."

அடுப்பில் கிண்ணம் ஏறியது. கைப்பிடிப் படிகாரத்தை நொறுக்கிப் போட்டார். ஜெயசெல்வி கிண்ணத்தையே பார்த்தாள். படிகாரத்தில் இருப்பது அலுமினியம் சல்பேட். அது எந்த வரிசையில் வரும்?

"அண்ணாச்சி, போடாதீக. அதுவும் முத்தை அரிக்கும்."

"யாரு, படிகாரமா? ஏளா, உங்க வீட்டுக் குடத்துல தினமும் அதைச் சுத்தித்தானே கலங்கல் தண்ணியைத் தெளிய வச்சுக் குடிக்கீக? உன் குடலை அரிச்சிட்டா?"

"அது குடத்துக்கு ஒரு சுத்து. இது கிண்ணத்துக்கு ஒரு கைப்பிடி."

"அது உப்பும்மா. புளிப்பு இல்ல, துவர்ப்பு. நான் முப்பது வருசமா நாக்குல வச்சுப் பாக்கேன்."

வளன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய முத்து, மூச்சை அடக்கி எடுத்தது. "அண்ணாச்சி முப்பது வருசம். இவ மூணு வருசம். நான் யாரு பேச்சைக் கேக்க?"

"சோதிச்சுப் பாத்திருவோம்" என்றாள் ஜெயசெல்வி. சொல்லிவிட்ட பிறகுதான் பயம் வந்தது.

பக்கத்து வீட்டுச் சுவரோரம் இருந்த செம்பருத்தியில் இரண்டு பூப் பறித்து, இதழை வெள்ளைத் தாளில் தேய்த்தாள். நாவற்பழக் கறைபோல ஊதா ஏறியது. கீற்றுகளாகக் கிழித்து ஒன்றைப் புளித் தண்ணீரில் நனைத்தாள், சிவந்தது. இன்னொன்றைச் சலவைச்சோடா கரைத்த நீரில் நனைத்தாள், பச்சையானது. கறியுப்பு நீரில் ஊதா ஊதாவாகவே நின்றது.

ஆசாரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பற்றவைப்புக்கு வைத்திருந்த நவச்சாரம்.

"இதைச் சொல்லு பாப்போம். நனைக்கக்கூடாது. முதல்ல சொல்லணும்."

"சிவக்கும்."

ஆசாரி தொடையைத் தட்டிச் சிரித்தார். "மாட்டிக்கிட்டா. வளன், நவச்சாரத்தோட சுண்ணாம்பைக் கலந்து மோந்து பாரு, மூக்கைப் பிச்சிட்டுப் போவும். அம்புட்டும் காரம். இது பச்சையா மாறலன்னா என் பேரை மாத்திக்கிடுதேன். மாறினா கம்மல் படிகாரத்துல இறங்கும், சரியா?"

வளன் மகளைப் பார்த்தார். "சொல்லுளா. சரியா?"

அம்மோனியம் குளோரைடு. நோட்டின் வரிசை மனதில் ஓடியது. ஆனால் சுண்ணாம்பு பட்டதும் எழும் அந்த நெடி? அது அம்மோனியாதான், காரம்தான். அவர் சொல்வதும் பொய் இல்லை. நோட்டில் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. ஜெயசெல்வி நவச்சார டப்பாவைக் கையில் எடுத்தாள். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, அந்த நெடிதான் நவச்சாரத்துக்கு ஒரு பக்கத்துச் சொந்தம். இன்னொரு பக்கத்துச் சொந்தம் உப்புத் திராவகம்கிற அமிலம். நீங்க சுண்ணாம்பு போட்டதும் நெடி ஏன் வெளிய வருது? சுண்ணாம்பு அதைப் பிடிச்சுத் தள்ளிருது. தள்ளின உடனே ஓடுதுன்னா, அது பலமில்லாத காரம். உப்புத் திராவகம் அப்படி லேசுல போற ஆளா?"

"அதுவா? கை பட்டா தோல் போயிரும்."

"அப்போ ரெண்டுல யாரு கை ஓங்கும்? தண்ணியில கரைஞ்சா திராவகத்தோட குணம்தான் தெரியும், தாளு சிவக்கும்."

சொல்லி முடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வாக்கியங்களில் ஒன்றுகூட நோட்டில் கிடையாது.

ஆசாரி தாமே நவச்சாரத்தைக் கரைத்துத் தாளை நனைத்தார். ஊதா அசையவில்லை. வளன் தலையைத் தொங்கப் போட்டார். ஆசாரி கம்மலை எடுத்துப் படிகாரக் கிண்ணத்தின் பக்கம் கையை நீட்டினார். அப்போது தாளின் ஓரம் லேசாக வெளுத்து, பிறகு ரோஜா நிறமாகி, நடுவரைக்கும் பரவியது.

"ஏலே வளன்" என்றார் ஆசாரி தாழ்ந்த குரலில். "உன் மக சொன்னது சரிதான்."

"படிகாரம் என்ன ஆகும், அதையும் சொல்லட்டும்" என்றார் வளன். அவர் குரல் நிமிர்ந்துவிட்டது.

"கந்தகத் திராவகம் ஒரு பக்கம், பலமில்லாத அலுமினியம் மறுபக்கம். இதைவிட நல்லாச் சிவக்கும்."

கிண்ணத்தில் தொட்ட உடனே தாள் சிவந்தது. ஆசாரி அப்போதும் ஒப்பவில்லை. பற்றவைப்புப் பொடி போட்டு வைத்திருந்த முத்துச்சிப்பி ஓட்டை உடைத்து, ஒரு துண்டைச் சூடான படிகார நீரில் போட்டார். சிப்பியின் மேல் கடுகுபோலக் குமிழிகள் முளைத்தன. சற்று நேரம் கழித்து இடுக்கியால் எடுத்தபோது, மின்னிய பக்கம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அவர் கிண்ணத்தைத் தூக்கி வாசலில் கொட்டினார்.

"பேரை மாத்தணும்லா? புதுப் பேரு என்ன அண்ணாச்சி?" என்றார் வளன்.

"வாயை மூடுலே." ஆசாரி சிரித்துக்கொண்டே, தங்கம் பற்றவைக்கையில் தூவும் வெங்காரத்தின் டப்பாவை எடுத்தார். "ஏளா, இது?"

"பச்சை. கண்ணு கழுவுற போரிக் பவுடர் இருக்குல்லா, அந்தச் சாது அமிலம் ஒரு பக்கம், பலமான சோடாக் காரம் மறுபக்கம். முத்தைக் கடிக்காது. ஒரு சிட்டிகை போதும், வெதுவெதுன்னு."

இந்த முறை யாரும் தாளை நனைக்கவில்லை. ஆசாரி சிட்டிகை வெங்காரம் கரைத்த நீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து, முத்துகளை மெல்ல ஒற்றி ஒற்றித் துடைத்தார். எண்ணெய்ப் பழுப்பு துணிக்குப் போயிற்று. உள்ளிருந்து பால்வெளிச்சம் மேலே வந்தது. நல்ல தண்ணீரில் அலசி வளனின் உள்ளங்கையில் வைத்தார்.

வளன் கம்மலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கடல்ல இருந்து எடுத்த அன்னிக்கு இப்படித்தான் இருந்திச்சு" என்று மகளிடம் நீட்டினார். ஜெயசெல்வி பட்டறைக் கண்ணாடியில் பார்த்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். அதற்குள் ஆசாரி அலமாரியில் மிச்சமிருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கி வரிசையாக வைத்துவிட்டார். அவள் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"முதல் டப்பாவுல என்ன அண்ணாச்சி?"