எண்ணூர் அச்சு வீட்டுக்கு வாளியோடு போங்கள்

அடுத்த ஞாயிறு எண்ணூருக்கு வீடு பார்க்கப் போகும் மற்றக் குடும்பங்களுக்காக இதை நம் வாசகசாலைச் சுவரில் ஒட்டுகிறேன். பங்குனியில் நம் குடிசை வரிசை எரிந்ததிலிருந்து எல்லோரும் தகரக் கொட்டகையில்தான் வேகிறோம். இப்போது தொழிற்சாலையில் சுவர் சுவராக வார்த்து, லாரியில் கொண்டுவந்து பூட்டுகிற கான்கிரீட் அச்சு வீடு தருகிறார்கள். பார்க்கப் போகிற அன்றே பகல் பன்னிரண்டுக்குள் கையெழுத்துப் போட்டால் ஐப்பசி மழைக்கு முன் சாவி. வேண்டாமென்றால் செங்கல் வீட்டுக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். எங்கள் பிலோமினா அக்காவுக்கு இது ஏழாம் மாதம். உள்ளே இருக்கிற ஆள் அவ்வளவு நாள் காத்திருக்காது.

நேற்று ஆறு மணிப் பூசை முடிந்து, ராயபுரத்தில் ஏழு நாற்பதுக்கு பஸ் ஏறினோம். ஆளுக்கு முப்பத்தைந்து காசு, ஐம்பது நிமிஷம். அதில் பாதி, தண்டையார்பேட்டையில் கிடங்கு லாரிகளுக்கு வழிவிட்டதில் போனது. எங்கே போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட கண்டக்டர், “அட்டை வூடா? உள்ள நின்னு தும்மிடாத நைனா, பறந்துடும்” என்றார். பஸ்ஸே சிரித்தது. அம்மா மட்டும் ஜெபமாலையை வேகமாக உருட்டினாள்.

எங்கள் நைனாவும் சிரிக்கவில்லை. அவர் துறைமுகத்தில் சரக்குப் படகுகளின் பலகை இடுக்கில் பஞ்சும் தாரும் அடைக்கிறவர். சேர்த்த இடமெல்லாம் ஒரு நாள் பிரியும் என்பது அவருடைய தனி வேதம். இந்த வீட்டிலோ சேர்த்த இடத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

எண்ணூரில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடை. நிழல் என்று எங்கள் நிழல் மட்டும்தான். அக்கா இரண்டு முறை உட்கார்ந்தாள். உள்ளே போய்ப் பார்க்க எங்கள் முறை வரப் பத்தரை ஆனது. மாதிரி வீட்டு வாசலில் ஒரு தள்ளுவண்டியில் பன்னீர் சோடா கிடைக்கும். அதைக் குடித்ததுதான் நான் செய்த தப்பு.

வீடு நன்றாகவே இருந்தது. ஓர் அறை, சமையலுக்கு இடம், உள்ளேயே கக்கூஸ். ஓலையே இல்லாததால் எரிய வழியில்லை. அம்மா சுவரை, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியைப் போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் மாதா படம் மாட்ட ஆணி இறங்காது. தூளி கட்ட உத்தரமும் கிடையாது. காட்டிக்கொடுத்த மேஸ்திரி, கடலே மேலே வந்து நின்றாலும் ஒரு சொட்டு இறங்காது என்றார்.

இப்படி யாராவது சொன்னால் என் வாய் சும்மா இருக்காது. அப்போது அது கடைசி மடக்குச் சோடாவால் நிரம்பி வேறு இருந்தது. எல்லோரும் சமையல் பக்கம் போனதும், இரண்டு சுவர் சேருகிற மூலையில் கொஞ்சம் சோடாவைப் பீச்சிவிட்டு, “நைனா, சொவரு அழுவுது” என்று கூப்பிட்டேன்.

நைனா வந்தார். விரலால் துடைத்து நக்கிப் பார்த்தார். படகுக்குள் தண்ணீர் தெரிந்தால் அவர்கள் முதலில் செய்வது அதுதான். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது, இல்லையென்றால் மழை. முகம் வெளுத்துப்போய் வெளியே வந்து ஒரு சிமென்ட் குழாய் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“சொவரு ஈரமா கீது. இடுக்கு தாங்குமான்னு தெரியாம கையெத்து போட மாட்டேன்” என்றார்.

“எரிஞ்சதுக்கு ஒழுவுறது மேலுய்யா” என்றாள் அம்மா. அக்கா வயிற்றைப் பிடித்தபடி கையெழுத்து வாங்கும் நோட்டுப் புத்தகத்துக்கு முன் நின்ற வரிசையைப் பார்த்தாள். மணி பதினொன்று பத்து. சிரித்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன், உதடு ஒத்துழைக்கவில்லை. பதினொன்று முப்பத்தைந்துக்கு மேல் தாங்காமல் நைனாவிடம் போய் உண்மையைக் கக்கினேன்.

“தெரியும். கடலு எங்கனா பன்னீர் வாசன அடிக்குமா?”

“அப்பால ஏன் நைனா குந்திகினு கீற?”

“நக்கறதுக்கு முன்னாலியே பயம் புட்சிகிச்சு. இன்னும் வுடல. மெய்யா ஊத்திப் பார்த்தாதான் ஆறும். எட்றா வாளிய.”

ஏணி இருந்தது, ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீரும் இருந்தது. மேஸ்திரி கத்தக் கத்த ஒன்பது வாளி சுமந்து, கூரையின் இடுக்குகளில் ஊற்றினேன். எட்டு வாளிக்கு ஒன்றுமில்லை. ஒன்பதாவதுக்கு வடக்கு மூலையில் நூல் மாதிரி ஓர் ஈரக்கோடு இறங்கியது. இது நிஜம். நைனா அதையும் நக்கினார். அம்மாவின் விரல்கள் ஜெபமாலையில் நின்றுவிட்டன.

“இது ஒண்ணுதான? நான் அடச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள். சோடாவை வெளியிலேயே விழுங்கிவிடுங்கள். வாளி எடுத்துப் போங்கள், மேஸ்திரி தன்னுடையதை இனிமேல் தரமாட்டாராம். தூளி கட்டக் கொக்கி வேண்டுமென்றால் கூரைக் கான்கிரீட் பலகை வார்க்கிறதற்கு முன்பே கேளுங்கள். இறுகிவிட்டால் உளியும் இறங்காது. அம்மா கேட்டாள். அன்று வார்க்கவிருந்த ஒரு கூரைப் பலகைக்குக் கொக்கி வைக்கச் சம்மதித்தார்கள். ஆனால் அங்கே எல்லாப் பலகையும் ஒரே ஜாடை. லாரிக்காரர் எதை எந்த வீட்டுக்கு ஏற்றுவாரோ என்று அம்மா நேற்றிரவு தூங்கவில்லை. உங்கள் வீட்டுக் கூரையில் கேட்காமலே ஒரு கொக்கி தொங்கினால் அது எங்களுடையது. தயவுசெய்து ஐப்பசிக்குள் சொல்லி அனுப்புங்கள். தூளியோடு நாங்களே வந்துவிடுகிறோம்.