ஷீட்டுப் புரையில் ஒரு மைக்

சித்தியின் குரல் பதிவு திருப்பி அனுப்பப்பட்ட வருடம் நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். சென்னையில் கதைகளை ஒலிநூலாக்கும் ஒரு நிறுவனம் வாசிப்பாளர்களைத் தேடியது. அம்மாவின் தங்கையான சித்தி போனில் வாசித்து அனுப்பினாள். குரல் நன்றாக இருக்கிறது, இரைச்சல் அதிகம், கண்டென்சர் மைக்கில் பதிந்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. பக்கத்து ஊர்க் கடைகளில், உதியன்குளங்கரையில் கேட்டோம், காட்டாக்கடையிலும் கேட்டோம். மேடையில் கையில் பிடிக்கும் மைக்தான் உண்டு என்றார்கள்.

அப்படியானால் நாமே செய்துவிடலாம் என்றேன். மலையாளத்தில் ஒருவர் செய்து காட்டும் வீடியோ எனக்கு மனப்பாடம். அவர் சொன்ன பொருள்களில் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அவற்றின் தூரத்து உறவினர்கள் இருந்தார்கள். கெட்டுப்போன கார்ட்லெஸ் போனுக்குள்ளிருந்து சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்டென்சர் மைக், பழைய ரேடியோவின் ரெசிஸ்டர், எரிந்துபோன எல்இடி பல்பின் கெப்பாசிட்டர், ஒரு காது மட்டும் கேட்கும் இயர்போனின் வயர். உடலுக்கு பிவிசி குழாய், தலைக்கு டீ வடிகட்டி. வடிகட்டிக்காக அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

சித்தியின் அண்ணனான மாமாதான் அந்த வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்பவர். என் மைக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மக்கா, இதுல சாயா வடிக்கணுமா, பேசணுமா?"

முதல் இணைப்பில் வெறும் உறுமல்தான். அந்தச் சின்ன மைக்கின் இரண்டு கால்களை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். திருத்தியதும் எல்லாம் கேட்டது. லாரி, கோழி, பக்கத்து வீட்டு டிவி உட்பட. ஒவ்வொரு அறையாகப் போய்க் கை தட்டிப் பார்த்தேன். எதிரொலி எழாத ஒரே இடம் ரப்பர் ஷீட்டு உணக்கும் புரை, அதாவது காயப்போடும் கொட்டகை. கம்புகளில் ஷீட்டுகள் துணிபோல நெருக்கமாகத் தொங்கும் அந்த இடத்தில், தட்டிய சத்தம் கையோடு நின்றது.

"நாத்தம் மைக்குல ஏறாதுல்லா மக்கா?" என்று கேட்டபடி சித்தி உள்ளே வந்தாள்.

வியாழக்கிழமை மதியம் வாசித்தாள். பணிவான, யாரையும் தொந்தரவு செய்யாத வாசிப்பு. பிறகு ஹெட்போனில் கேட்டோம். அவள் குரலுக்குப் பின்னால் மாமா இருந்தார். வெளியே, ஷீட்டு அடிக்கும் மெஷின் பக்கம் நின்று சித்தியைப் பெண் கேட்டிருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் போனில் பேசியது மெலிதாக, ஆனால் சொல் சொல்லாக விழுந்திருந்தது.

"அவளுக்க வாசிப்பெல்லாம் கல்யாணம் வரைக்கும் ஆக்கும். அங்க வந்தா தன்னால நின்னுரும். நான் வாக்கு தாறேன்."

எனக்கு அது இரைச்சல். அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றேன்.

"வெட்டண்டாம் மக்கா," என்றாள் சித்தி. "உனக்க மைக்கு நல்லா கேக்குது."

அவள் மறுபடியும் கேட்டாள். அதன் பிறகும் கேட்டாள். அவளுக்குத் திருப்தியில்லை என்று புரிந்துகொண்டு, ரெசிஸ்டரைக் கழற்றிப் பெரியதாக, பத்துக் கிலோ ஓமில் ஒன்றை மாட்டினேன். அதற்குள் அவள் வெளியே போய் மாமாவிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள். மெஷின் பக்கம் பேச்சுச் சத்தம் நின்றிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கின் முன் உட்கார்ந்தாள்.

"இனி எடு."

இரண்டாவது வாசிப்பு வேறாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் காலூன்றி நின்றது. வெள்ளிக்கிழமை காலையே அனுப்பினோம், அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதன் பிறகு வரவில்லை.

இன்று மைக்குகளைச் சோதிப்பதுதான் என் வேலை. ஒரு ரெசிஸ்டரால் ஒரு குரலில் எது மாறும், எது மாறாது என்று தெரியும். அன்று, எல்லாம் என் பத்துக் கிலோ ஓம் செய்த வேலை என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சித்தி ஒருமுறைகூட மறுக்கவில்லை. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் மாமா சாயா குடிக்காமல் படியிறங்கிப் போனதற்கும், வடிகட்டி என் மைக்கில் இருந்ததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.