போர்வைக்கு நூல் சுற்றியது

கல்யாணமாகி நுவரெலியாவுக்குப் போன மகள், முதல் மார்கழியிலேயே தொலைபேசியில் குளிரைப் பற்றி முறையிட்டாள். கட்டிலை முழுதாக மூடுகிற மாதிரி ஒரு கம்பளிப் போர்வை பின்னித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் பின்னியவை குழந்தைத் தொப்பிகளும் காலுறைகளும்தான். காலுறைகளில் பாதி ஜோடி சேரவில்லை.

கண்டியில் கம்பளி நூல் விற்கும் கடைக்காரர், என்ன பின்னப் போகிறேன் என்று கேட்டார். சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேண்டிய நூல் முழுவதையும் இன்றைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த தடவை வருகிற சாயம் இதே பச்சையாக இருக்காதாம். மூட்டைகளோடு குண்டசாலை பஸ்ஸில் ஏறியபோது, எந்தக் கடைக்குச் சரக்கு என்று கொண்டக்டர் விசாரித்தார். வீட்டுக்கு என்றேன்.

மாதிரிக்கு ஒரு சதுரம் பின்னி, கழுவி, காயவைத்து அளந்தேன். கழுவியதில் அது பெருத்திருந்தது. அந்தக் கணக்கில் போர்வை கட்டிலைத் தாண்டித் தரையில் கிடக்கும். ஊசியில் ஏற்றும் கண்ணிகளைக் குறைத்து மறுபடி கணக்குப் போட்டேன். சதுரத்தை என் கணவர் தேநீர்க் கோப்பைக்கு விரிப்பாக எடுத்துக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை. அந்த நாட்களில் நாங்கள் ஒருவரையொருவர் எதுவும் கேட்பதில்லை.

அவர் எனக்குத் தெரியாமல் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தார். இருதயப் பிரிவு வாசலில் அவரைக் கண்ட பக்கத்து வீட்டு அக்கா, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சுகம் விசாரித்தார். கணவரிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்று எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். மறுபடி கேட்டேன், மறுபடி முற்றம். அதன்பின் எங்கள் பேச்சு உப்பு, தேநீர், கதவுச் சாவி என்ற அளவில் நின்றது.

நூல் சிட்டம் சிட்டமாக, பெரிய வளையங்களாக முறுக்கிக் கட்டியிருந்தது. அப்படியே பின்னினால் சிக்கிவிடும். உருண்டையாகச் சுற்ற வேண்டும். முதல் சிட்டத்தைக் கதிரையின் முதுகில் மாட்டினேன். கதிரை சாய்ந்தது. வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிட்டேன். எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். சிட்டத்தை அவற்றில் மாட்டிச் சுற்றத் தொடங்கினேன். பாதி சுற்றிய பிறகுதான், அவரால் இப்போது எழுந்து போக முடியாது என்பது எனக்கு உறைத்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றேன்.

அவர் முற்றத்தைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். இருதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றில் அடைப்பு என்றும், இப்போதைக்கு மாத்திரை போதும் என்றும், மாதாமாதம் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் நூலைப் பார்த்துச் சொன்னார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா எனக்குப் பயம் வந்துரும்."

எனக்கு அழுகை வந்தது. கையைக் கொஞ்சம் அகலமாகப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். அன்றைக்கே எல்லாச் சிட்டங்களையும் சுற்றி முடித்தோம். அதிகம் பேசவில்லை. ஆனால் அடுத்த கிளினிக் எப்போது என்பதை அவராகவே சொன்னார்.

அதற்கு நானும் போனேன். வெளியே போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்து, போர்வையின் முதல் வரிசைக்கான கண்ணிகளை ஊசியில் ஏற்றத் தொடங்கினேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மா என்ன பின்னுகிறேன் என்று கேட்டார். கட்டிலுக்குப் போர்வை என்றேன். அவர் எங்களுக்கு முன்னாலிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"முடிச்சிட்டே போகலாம்," என்றார்.

கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது தாதி என் கணவரின் பெயரைக் கூப்பிட்டார். எண்ணிக்கை தவறிவிட்டது. ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு அவருடன் உள்ளே போனேன்.