பாண்டியம்மாள் வாசலில் நித்தியகல்யாணி

நாற்பது ஆடு அடைகிற வீட்டு வாசலில் பூச்செடி வைக்க நினைப்பதே கூத்துதான். நாகலாபுரம் பக்கத்தில் பாண்டியம்மாள் வைத்த பிச்சி, செவ்வந்தி, துளசி எல்லாவற்றையும் ஆடுகள் மொட்டையடித்தன. நித்தியகல்யாணியை மட்டும் ஒரு கிடா மோந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனது. வாயில் வைக்க முடியாத கசப்பு.

அதுவும் லேசில் வரவில்லை. முதல் வருஷம் ஐப்பசி மழையில் கரிசல் குழைந்து வேர் அழுகிவிட்டது. அவளா விடுவாள்? மறுவருஷம் ஓடை மணலைச் சுமந்து வந்து கலந்து, மேடாக்கி நட்டாள். நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டதில் செடி உயரப் போகாமல் தரையோடு பரந்து அடர்ந்தது. கோடையில் ஊர் நிலமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அவள் வாசலில் மட்டும் பச்சையும் ஊதாவும் குறையவில்லை.

சுடுகாட்டுப் பூவை வாசலில் வைத்திருக்கிறாள் என்று ஊரே வாய் பேசியது. பேசட்டும். அது சுடுகாட்டிலிருந்துதான் வந்தது. மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் போன மூத்த மகளைப் புதைத்த இடத்தில் பூத்திருந்த செடி. பொம்பளை அங்கே போகக்கூடாதாம். அவள் இரண்டு வருஷமும் போனாள், தன் கையாலேயே பிடுங்கிக் கொண்டுவந்தாள்.

தொண்ணூற்றெட்டில் இளையவள் அமுதவள்ளியைப் பெண் பார்க்கக் குளத்தூரிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. புருஷன் தவசி செடிக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏட்டி, எனக்காவ அதைப் பிடுங்கிப் போட்டுரு."

"அவளை ஒருக்க வெளிய தூக்கிட்டுப் போனீங்க. இன்னொருக்க விடமாட்டேன்."

வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா இசக்கியம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"மதினி, மொதல்ல இதைப் பிடுங்குங்க. பெறவு உள்ள வாரோம்."

நல்ல இடம். கைநழுவினால் இன்னொன்று வருமோ வராதோ. பாண்டியம்மாளுக்கும் அது தெரியும். ஆனால் குரல் இறங்கவில்லை.

"செடி அங்கனதான் இருக்கும். வாரதும் போறதும் உங்க இஷ்டம்."

போய்விட்டார்கள். தவசி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே."

அந்தச் சொல் பாண்டியம்மாளைச் சுட்டது. மகள் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

அமுதவள்ளி பட்டுச்சேலையோடு வெளியே வந்தாள். செடிக்கு முன்னால் குத்தவைத்து, நீண்டிருந்த நுனிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கினாள்.

"அக்காவைப் பிடுங்கச் சொல்லுத வீட்டுல எனக்கு என்னம்மா சோலி?" என்றாள். "அடுத்து வாரவிய இவளைப் பாத்துட்டுத்தான் என்னைப் பாக்கணும்."