பால் வார்த்த கருங்கற்கள்

மகள் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படிக்கிறாள். இறுதி வருட ஆய்வுக்காக வவுனியாவுக்கு அப்பால் உள்ள வன்னிக் காட்டுப் பாறைகளில் துளையிட்டு, பெருவிரல் பருமனில் கருங்கல் உருளைகளை எடுத்து வந்திருந்தாள். அந்தப் பாறை பண்டைக்காலத்தில் உருகிக் கிடந்து ஆறியபோது, உள்ளேயிருந்த இரும்புத் துணிக்கைகள் அன்றைய பூமியின் காந்தத் திசையைப் பிடித்து வைத்துக்கொண்டனவாம். அதை வைத்து நிலம் எப்படித் திரும்பி நகர்ந்து வந்தது என்று கணிக்கலாம். ஆனால் பாறையிலிருந்து பெயர்ப்பதற்கு முன்பே, கல் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று அம்புக்குறி போட்டுவிட வேண்டும். குறி போனால் அது வெறும் கல்.

கண்ணிவெடி அகற்றிய காடுதான் என்றார்கள். அவள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

கற்களைக் கூடத்து மேசையில் அடுக்கிவிட்டு இருவரும் யாழ்ப்பாண நகரத்துக்குப் போய் வந்தோம். கதவைத் திறக்கவே புளித்த பால் மணம். பக்கத்து வளவிலிருக்கும் என் அண்ணை, தன்னிடமிருந்த எங்கள் வீட்டுச் சாவியால் திறந்து வந்து, கற்களைத் தாம்பாளத்தில் நிறுத்திப் பாலும் தேனும் சந்தனமும் வார்த்து முடித்திருந்தார். எங்கள் மண்ணில் உள்ளது சுண்ணாம்புக்கல். கருங்கல்லை நாங்கள் கும்பிட்டுத்தான் பழக்கம். தேனில் எறும்பு ஊர்ந்தது. இலையான்கள் மொய்த்தன. எங்கள் குரல் கேட்டு அவரும் வந்து நின்றார்.

"என்னண்ணை செய்து வைச்சிருக்கிறியள்?"

"இவ்வளவு லிங்கத்தையும் பூசை இல்லாமல் மேசையில போட்டு வைச்சால் குடும்பத்துக்குக் கூடாது, பிள்ளை."

மகள் ஒரு கல்லைத் துடைத்தாள். அதில் பளிச்சென்று புதிய அம்புக்குறி.

"மாமா, இது ஆர் கீறினது?"

"நான்தான். தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்க்கேக்கை உன்ரை கோடெல்லாம் அழிஞ்சு போச்சு. தீர்த்தம் வழியிற கோமுகை வடக்கைப் பாக்கவேணும்தானே? எல்லாத்தையும் வடக்கைப் பாக்க வைச்சு வடிவாய்க் கீறிவிட்டனான். நீ கீறினது ஒரு ஒழுங்கில்லை, ஒவ்வொண்டும் ஒவ்வொரு பக்கம்."

புண்ணியம் செய்துவிட்ட அந்தத் திருப்தியான முகம், ஈ மிதந்த பாலைவிட அருவருப்பாக இருந்தது.

"உதையே கொண்டுபோய்க் குடு, மோளே. ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கும் அதே எண்ணம் வந்திருந்தது. அவள் மறுபடி காட்டுக்குப் போகவேண்டியதில்லை அல்லவா? அந்த எண்ணமும் வாயில் கசந்தது.

மகள் தாம்பாளத்தை அவர் பக்கம் தள்ளினாள். "இனி இதுகளை நீங்களே வைச்சுக் கும்பிடுங்கோ, மாமா." பிறகு என்னிடம், "வவுனியாவுக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கம்மா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். அவள் அயலில் யாரையோ கேட்கப் படலையைத் தாண்டிப் போய்விட்டாள்.