மெஷினுக்கு ஒரு நாள் ரெஸ்ட்

பிள்ளைப்பாக்கம் காந்திமதிக்கு 'சப்போர்ட்' என்ற சொல்லே பிடிக்காது. செல்போன் கம்பெனி லைனில் அவள் நின்று வேலை பார்த்த காலத்தில் எல்லோரும் சப்போர்ட் பண்ணுவதாகத்தான் சொன்னார்கள். கம்பெனியை மூடிய அன்று ஒருவரையும் காணோம். அதனால், அவளிடம் லேபிள் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து மெயில் வந்து, கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸ் பத்துக்கு அக்டோபர் பாதியோடு சப்போர்ட் முடிகிறது என்று சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இத்தினி வருசமா அது இன்னா சப்போர்ட் பண்ணிக்கினு இருந்துச்சாம்?" என்றாள்.

அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய விண்டோஸ் வைத்திருக்கும் சப்ளையர்கள் அதற்குப் பிறகு தங்கள் சிஸ்டத்துக்குள் நுழைய முடியாது என்று எழுதியிருந்தார்கள். நுழைய முடியாவிட்டால் பார்ட் நம்பர் வராது. நம்பர் இல்லாமல் லேபிள் அடிக்க முடியாது. லேபிள் ஒட்டாத பெட்டியை ஒரகடத்தில் எந்த லாரியும் ஏற்றாது. காந்திமதிக்கு வேறு சில்லறை ஆர்டர்களும் உண்டுதான், ஆனால் அவை ஊறுகாய் மாதிரி. சோறு போட்டது இந்தக் கம்பெனி.

வாடகை ஷெட்டில் ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் அதைக் கொஞ்ச நேரம் தாங்க ஒரு பேட்டரிப் பெட்டி, லேபிள் அடிக்கும் பிரிண்டர்கள், வேலைக்கு திருநெல்வேலியிலிருந்து வந்த இசக்கிசெல்வி என்ற பெண். அப்புறம் காந்திமதியின் கணவர் கோபால்.

கோபால் ஒருவர் வம்புக்கும் போகாத மனிதர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர், அப்புறம் எங்கும் நிலைக்கவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்குவார், சாயங்காலம் இறக்குவார், டீ வாங்கி வருவார், லேபிள் ரோல்களை வண்டியில் கட்டிக்கொண்டு போய் கம்பெனி கேட்டில் கொடுப்பார். கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். சொந்தக் கடையில் வீட்டுக்காரருக்கு இதைவிடக் கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம். காந்திமதிக்கு அதற்கு நேரம் இல்லை. நேரம் இல்லாதது போகப்போகப் பழக்கமாகிவிட்டது.

வருடத்தில் ஒரே ஒரு நாள் அந்த ஷெட்டுக்கு அவர்தான் முதலாளி. ஆயுத பூஜை. அன்று பொட்டு வைப்பதிலிருந்து பூசணிக்காய் உடைப்பது வரை அவர் வைத்ததுதான் சட்டம்.

படப்பையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் பிரவீன் வந்து பார்த்துவிட்டு, இதே கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்றிவிடலாம் என்றான். ஏறி முடிய நேரம் பிடிக்கும், அதுவரை வேலை நடக்காது, ஆகவே மெஷின் சும்மா கிடக்கிற நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றான். காந்திமதி யோசித்தாள். மெஷின் சும்மா கிடக்கிற நாள் ஒன்றுதான். பூஜையன்று மதியம் ஏற்றினால் மறுநாள் விஜயதசமிக்குத் தயாராகிவிடும், வெள்ளிக்கிழமை காலை லோடுக்கு லேபிளும் போய்ச் சேரும். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள், பாவம்.

"அக்கா, இத்த யாரும் தொடக்கூடாது. அதுவே அணைஞ்சி அதுவே எந்திரிச்சிக்கும். கரண்ட் மட்டும் போவக்கூடாது, சொல்லிட்டேன்" என்று பூஜையன்று மதியம் அதை ஓடவிட்ட பிரவீன் எச்சரித்துவிட்டுப் போனான்.

காந்திமதி இசக்கிசெல்வியிடம் சொன்னாள். பக்கத்து ஷெட்காரர்களிடம் சொன்னாள். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, தப்பித்தவறிகூட எதையும் அணைத்துவிடாதே என்று சொன்னாள்.

பூஜை நன்றாக நடந்தது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கும் கோபால் சந்தனம் குங்குமம் வைத்தார். பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு காந்திமதியும் இசக்கிசெல்வியும் மற்ற ஷெட்டுகளுக்குக் கொடுக்கப் போனார்கள். திரும்பும்போது ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நிம்மதியில் காந்திமதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

விஜயதசமி காலை நல்ல நேரம் பார்த்து ஷட்டரைத் தூக்கினால் உள்ளே ஒரே இருட்டு.

"யக்கா, என்னக்கா இது? மெயினு கீழ கெடக்கே!" என்று இசக்கிசெல்வி கத்தினாள்.

சுவிட்சைத் தூக்கிப் போட்டார்கள். கம்ப்யூட்டர் நீலமாக ஒரு முறை விழித்துவிட்டு அணைந்தது. மறுபடி விழித்தது, மறுபடி அணைந்தது.

"யார் மெயின அமத்துனது?"

"நான்தான்" என்றார் கோபால். "வருசா வருசம் நான்தான அமத்துறேன்? அந்த பேட்டரி பொட்டி வேற கூவிக்கினே இருந்துச்சி. அத்தையும் அமத்திட்டேன். மெஷினுக்கு ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா?"

காந்திமதி வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். டீ வாங்கவும் ஷட்டர் இழுக்கவும்தான் நீங்கள் லாயக்கு என்று, வேலைக்காரப் பெண்ணை வைத்துக்கொண்டே சொன்னாள். கோபால் வெளியே போய் வண்டி மேல் உட்கார்ந்துகொண்டார்.

பிரவீன் வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனான். ஃபைல்களை எடுத்துவிடலாம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஆகாது என்றான். கம்பெனியில் லேபிள் பார்க்கும் வசந்தகுமாருக்கு அவள் போன் போட்டாள். அவர் கோபப்படக்கூட இல்லை.

"பரவால்ல மேடம். இந்த லோடுக்கு வேற ஆள் கைல சொல்லிட்டோம். மீதிய அப்பால பாக்கலாம்."

அப்பால பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. ஃபைல்கள் பத்திரமாக இருந்தன. ஆர்டர்தான் வரவில்லை. பிரவீன் புது விண்டோஸை மறுபடி ஓடவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று அதே எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். காந்திமதி வாசலைப் பார்த்தாள். கோபால் அன்றிலிருந்து உள்ளே வருவதே இல்லை.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள்.

அவர் வந்தார். கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள். மெயில் வந்ததையும், பழைய விண்டோஸை ஏன் மாற்ற வேண்டும் என்பதையும், நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் முதலிலிருந்து சொன்னாள்.

"முடியிற வரைக்கும் நீங்க இங்கயே இருங்க. யாரையும் சுவிட்சுகிட்ட வுடாதீங்க."

"சரி" என்றார். நாற்காலியைச் சுவிட்சு பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கி வாட்ச்மேனாண்ட கூட சொல்லியிருக்கியே, மதி" என்றார். "என்னாண்டயும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்த வருசம் பூசையே வேணாம்னு இருந்திருப்பேன்."

காந்திமதி முந்தானையை எடுத்து, திரையின் ஓரத்தில் காய்ந்து கிடந்த சந்தனத்தைத் துடைக்கப் போனாள்.

"தொடாத" என்றார் கோபால்.